ஓர் ஆள், இரண்டு விளக்கு

“என் வீட்டுக்காரர் பத்து மணிக்கு போன் பண்ணலை” என்றாள் வந்தவள்.

வாய்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

“என் வீட்டுக்காரர் ஆறு வருஷமா பண்ணலை. நான் யார்கிட்டயாவது புகார் கொடுத்தேனா?”

வழக்கமாக இப்படி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் எதிரே இருப்பவர் லேசாகச் சிரிப்பார். மூச்சு இளகும். விஷயம் கோர்வையாக வெளியே வரும். கோர்ட்டில் நகல் பிரிவு குமாஸ்தாவாகப் பதினான்கு வருஷம் குப்பை கொட்டியபோது அவள் கற்ற வித்தை அது. எதைக் கேட்டாலும் “அடுத்த வாய்தாவுக்குப் பார்க்கலாம்” என்று அனுப்பியவள் என்பதால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. துப்பறியும் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் உதிரவில்லை.

வந்தவள் சிரிக்கவில்லை. அவள் நடுவிரலில் தையற்காரர்கள் போடும் விரலுறை அப்படியே இருந்தது. கழற்ற மறந்து ஓடி வந்திருக்கிறாள்.

“மருந்துக் கிடங்குல மெக்கானிக் அவரு. குளிர் ரூம்ல வேலை, உள்ளே சிக்னல் கிடைக்காது. பத்து மணிக்கு டீ குடிக்க வெளியே வருவாரு, வந்ததும் போன். பன்னண்டு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்லை. கேட்ல போய்க் கேட்டா, ‘உன் புருஷன் வேலையைப் போட்டுட்டு ஓடிட்டான், ஸ்டாண்டுல வண்டியைக் காணோம்’ங்கறாங்க. போலீஸ்ல நாளைக்கு வரைக்கும் பாருங்கறாங்க. நாளைக்கு நான் எதைப் பார்க்கறது?”

உள்ளறைக் கதவு திறந்தது. மாஜி வெளியே வந்தார். போலீஸில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, மேலதிகாரியின் மச்சானைக் கைது செய்த ஒரே குற்றத்துக்காக மாஜி ஆனவர். அவர் அதிகம் பேச மாட்டார். கேள்விகளை மட்டும் சில்லறை எண்ணுவதுபோல ஒவ்வொன்றாக வைப்பார்.

“வண்டி எங்கேம்மா?”

“என் தம்பிகிட்ட. காலையில அவரைக் கேட்ல இறக்கி விட்டுட்டு அவன்தான் எடுத்துட்டுப் போனான். அதையும் சொன்னேன். ‘அக்காவும் தம்பியும் நல்லாக் கதை கட்டறீங்க’ன்னு வாட்ச்மேன் சிரிக்கிறான்.”

“குளிர் எவ்வளவு?”

“மைனஸ் இருபது.”

“அவர் போட்டிருக்கற கோட்டு எத்தனை நேரம் தாங்கும்?”

“மூணு மணி நேரம்னு அவரே சொல்வாரு. அதுக்கு மேல ஆளோட அதிர்ஷ்டம்னு...” 

“உள்ளே போனது?”

“ஒன்பதே கால். தினமும் அதே நேரம்தான்.”

மாஜி ஏற்கெனவே ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். வாய்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டே கால். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்.

அவள் அதற்கு ஒரு ஜோக் தேடினாள். கிடைக்கவில்லை.

---

கிடங்கு, ஜன்னலே வைக்க மறந்துபோன ஒரு ராட்சதத் தகரப் பெட்டி. உள்ளே ரயில் பிளாட்பாரம் போல நீண்ட ஒரு நடை. இரண்டு பக்கமும் அறுபத்து நான்கு கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் கனம். கதவுக்கு மேலே எண். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அறைகளின் காற்றாடிகள் சேர்ந்து போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“டிடெக்டிவா? ஓடிப்போன மெக்கானிக்குக்கா? அடுத்து என்ன, காணாமப் போன ஸ்பானருக்கு ராணுவம் வருமா?”

“ஸ்பானருக்குப் பொண்டாட்டி இல்லை சார்” என்றாள் வாய்தா. “இருந்தா அதுக்கும் வருவோம்.”

மாஜி கையை உயர்த்தினார். “இன்னைக்கு அவருக்கு என்ன வேலை கொடுத்தீங்க?”

“முதல்ல ஒன்பதாம் ரூம். உள்பக்க பட்டன் வேலை செய்யலைன்னு புகார். தெரியாம உள்ளே மாட்டிக்கிட்டா அதை அழுத்தித்தான் வெளியே வரணும். பனி பிடிச்சு அடிக்கடி கெடும். உடனே இருபத்திரண்டுல காற்றாடி சத்தம்னாங்க, அதுக்கு மாத்தினேன். அதுக்குள்ள முப்பத்தொண்ணுல பனி அடைச்சிருக்குன்னாங்க. அது அவசரம், அதுக்கு மாத்தினேன். எல்லாம் ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. அவன் கோட்டே மாட்டியிருக்க மாட்டான்.”

“மாத்தறதுன்னா? போய்ச் சொல்வீங்களா?”

“அதெல்லாம் அந்தக் காலம். கம்ப்யூட்டர்ல மாத்துவேன். அவன் கையில ஒரு கருவி இருக்கு, எந்த ரூமுக்குப் போகணும்னு அதுல வரும். அந்த ரூம் வாசல்ல சிவப்பு விளக்கு எரியும். ‘ஆள் உள்ளே’ன்னு அர்த்தம். விளக்கு எரியற வரைக்கும் கதவு பூட்டாது, காற்றாடி சுத்தாது. விளக்கு இல்லாத ரூம் கதவைச் சாத்தின மறு நிமிஷம் தானா பூட்டிக்கும். ஸ்க்ரீன்ல ‘மாற்றப்பட்டது: அறை 31’னு தெளிவா வந்துச்சு. முப்பத்தொண்ணைத் தேடிட்டோம். ஆள் இல்லை. அப்ப என்ன அர்த்தம்? ஓடிட்டான்.”

“திறங்க.”

முப்பத்தொன்றாம் அறையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு இழுத்ததும் வந்தது. உள்ளே குளிர் வாய்தாவின் பற்களை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தியது. மாஜி உள்ளே போகவில்லை. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். மாவு சலித்ததுபோலப் பனித்தூள். அதன்மேல் காலையில் தேடியவர்களின் ஷூத் தடங்கள், கதவிலிருந்து நேராகப் போய்த் திரும்பியவை. பனி அடைத்த காற்றாடிக்குக் கீழே ஒரு தடமும் இல்லை.

“வேலை நடக்கவேண்டிய இடத்துல காலடியே இல்லை. ஏணி வச்ச அடையாளம் இல்லை. அவர் இந்த ரூமுக்கு வரவே இல்லை.”

“அதைத்தானே நானும் சொல்றேன், ஓடிட்டான்னு!”

“ஓடறவன் சம்பளம் வாங்கின மறுநாள் ஓடுவான். வேலைக்கு வந்து, கோட்டு மாட்டி, கருவியையும் கையில எடுத்துக்கிட்டு எங்கே ஓடுவான்?”

தையற்காரி இரைச்சலை மீறிக் கத்தினாள்: “எல்லா ரூமையும் திறங்கய்யா! திறந்து பாருங்கய்யா!”

“அறுபத்து நாலும்மா! ஒவ்வொண்ணும் சினிமா தியேட்டர் மாதிரி. உள்ளே ஆறு அடுக்கு. ஒரு ரூமைத் தேட பத்து நிமிஷம், அறுபத்து நாலுக்குப் பத்து மணி நேரம். குளிர் போனா மருந்து மொத்தமும் குப்பை. ஊசிக்குக் காத்துக்கிட்டு இருக்கற குழந்தைங்களுக்கு யார் பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதுதான் வாய்தாவுக்கு எரிச்சலாக இருந்தது. முழு அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறலாம்.

மணி பன்னிரண்டு பன்னிரண்டு.

அவள் நடையின் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். மேலே அறுபத்து நான்கு விளக்குகள், எல்லாம் அணைந்து, வரிசையாக... இல்லை. எல்லாம் இல்லை.

“சார், இந்தக் கட்டிடத்துல இன்னைக்கு எத்தனை மெக்கானிக்?”

“ஒருத்தன்தான்.”

“ஒருத்தர்தான்னா ரெண்டு விளக்கு எதுக்கு எரியுது? மனுஷனைக் குறுக்கே வெட்டி ரெண்டு ரூம்ல போட்டிருக்கீங்களா?”

சொன்ன பிறகுதான் தையற்காரி பக்கத்தில் நிற்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாஜி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். எதிர்ப்பக்கம், நடுவில், இருபத்திரண்டாம் எண்ணின் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

“அங்கேதான் இருக்கான்!” மேனேஜரும் ஓடினார். “முப்பத்தொண்ணுக்கு மாத்தினதைக் கவனிக்காம இங்கேயே இருந்திருக்கான்!”

கதவு திறந்தது. தையற்காரி எல்லோருக்கும் முன்னால் புகுந்து கணவனைக் கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள் போல, “ஏங்க... ஏங்க...” என்றே கூப்பிட்டாள். அந்த ‘ஏங்க’ பெட்டிகளின் நடுவே போய் எதிலோ மோதித் திரும்பி வந்தது.

ஆறு அடுக்குகளையும் நான்கு பேர் தேடினார்கள். தரையில் அவர்களுடைய காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை.

வெளியே வந்தபோது பன்னிரண்டு இருபத்தைந்து. கோட்டின் கெடு முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.  தையற்காரி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாய்தா அவள் பக்கத்தில் குந்தி, விரலுறை போட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.  பதினான்கு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அடுத்த வாய்தா வாங்கிக் கொடுத்தவளுக்கு, இவளுக்கு ஒரு பத்து நிமிஷம் வாங்கிக் கொடுக்க வழி தெரியவில்லை.

“அந்த ப்ரோக்ராமை எழுதினது யாரு?” என்றார் மாஜி.

---

அவனைக் கிடங்கில் எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவன், நாலு பேர் திமுதிமுவென்று நுழைந்ததும் எழுந்து நின்றான்.

“ப்ரோக்ராம்ல தப்பே இல்லை சார். நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன். மாத்தினா பழைய ரூம் விளக்கு அணையுது, புது ரூம் விளக்கு எரியுது, ஸ்க்ரீன்ல புது நம்பர் வருது. மூணையும் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்.”

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது தம்பி. சாட்சியை விசாரிக்க மட்டும்தான் தெரியும்.” மாஜி நாற்காலியை அவன் முழங்கால் இடிக்கும் தூரத்துக்கு இழுத்துப் போட்டார். “உன் ப்ரோக்ராம் ஒரு ஆபீஸ்னு வச்சுக்க. ரூம் மாத்தற வேலையை எந்த குமாஸ்தா பார்க்கறான்?”

“அது... ஒரு ஃபங்ஷன்.”

“சரி, ஃபங்ஷன் குமாஸ்தா. அவன்கிட்ட மேலதிகாரி என்ன கொடுத்தனுப்பறாரு?”

“ரெண்டு கொடுப்பாரு. புது ரூம் எதுன்னு. அப்புறம், மெக்கானிக் இப்ப எந்த ரூம்னு ஒரு பாயிண்டர். ரூமே இல்லை, ரூமோட முகவரி மட்டும். ஒரு முகவரிச் சீட்டு மாதிரி.”

“சீட்டை வாங்கிக்கிட்டு குமாஸ்தா என்ன பண்றான்? ஒண்ணு விடாம சொல்லு.”

கண்ணாடி விரல் விட்டுச் சொன்னான். “சீட்டுல இருக்கற ரூமுக்குப் போய் விளக்கை அணைப்பான். சீட்டுல அந்த முகவரியை அடிச்சுட்டுப் புது ரூம் முகவரியை எழுதுவான். இப்ப சீட்டுல இருக்கற ரூமுக்குப் போய் விளக்கைப் போடுவான். சீட்டைப் பார்த்து ‘மாற்றப்பட்டது’ன்னு ஸ்க்ரீன்ல சொல்வான். வேலை முடிஞ்சுது, போயிடுவான்.”

“மெக்கானிக் கையில இருக்கற கருவி யார்கிட்ட கேட்கும்? குமாஸ்தாகிட்டயா?”

“இல்லை சார், மேலதிகாரிகிட்ட. அவர் மேஜைல இருக்கற சீட்டைப் படிச்சுக் காட்டும்.”

மாஜி கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனார். எங்கோ நெருங்கிவிட்டார், ஆனால் கதவின் தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை என்பது அவர் கன்னத்தைச் சொறிந்த விதத்திலேயே வாய்தாவுக்குத் தெரிந்தது. சுவரில் மணி பன்னிரண்டு முப்பது.

அவளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. மேஜைல இருக்கற சீட்டு. குமாஸ்தா கையில இருக்கற சீட்டு.

“ஏம்பா கண்ணாடி, குமாஸ்தாகிட்ட கொடுத்தனுப்பின சீட்டு அசலா, நகலா?”

“என்னது?”

“கோர்ட்ல பதினாலு வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். அசல் பீரோவை விட்டு அசையாது. கேட்கறவனுக்கு நகல்தான். உன் ஆபீஸ்ல எப்படி?”

கண்ணாடி திரைப் பக்கம் திரும்பினான்.  நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

“நகல்தான்” என்றான் மெதுவாக. “இந்த மொழியில ஃபங்ஷனுக்கு எதைக் கொடுத்தாலும் நகல்தான் போகும். ஆனா இது பாயிண்டர்... நகலா இருந்தா விளக்கு எப்படி மாறும்? விளக்கு நிஜமாவே அணைஞ்சுதே, நிஜமாவே எரியுதே! அதைப் பார்த்துத்தானே நான் சரின்னு...”

“அட, முகவரியை எத்தனை நகல் எடுத்தாலும் வீடு ஒண்ணுதாம்பா!” வாய்தா மேஜையைத் தட்டினாள். “உன் வீட்டு முகவரிச் சீட்டை நகல் எடுத்து என்கிட்ட கொடு. நான் அதை வச்சுக்கிட்டே வந்து உன் வீட்டு ஜன்னலை உடைச்சா, உடையறது நிஜ ஜன்னல்தான். ஆனா வர்ற வழியில அந்த நகல்ல உன் முகவரியை அடிச்சுட்டு எங்க அத்தை வீட்டு முகவரியை எழுதினா? உன் பாக்கெட்ல இருக்கற அசல்ல அது ஏறுமா?”

கண்ணாடி தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“குமாஸ்தா பொய் சொல்லலை” என்றார் மாஜி. “தன் கையில இருந்த நகலைப் படிச்சான். விளக்கையும் ஒழுங்காத்தான் மாத்தினான். சொல்லிட்டு நகலைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். மேஜை மேல இருந்த சீட்டை யாரும் தொடவே இல்லை.”

“அப்ப பழைய நம்பர்தான் கருவியில போயிருக்கு” என்றார் மேனேஜர். குரல் உடைந்திருந்தது. “முப்பத்தொண்ணுக்கு முந்தி இருபத்திரண்டு. ஆனா இருபத்திரண்டுலதான் பார்த்தோமே! அங்கேயும் இல்லையே!”

 கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே. இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் அதே காலி அறையா?

மாஜி எழுந்து நின்றார். “அந்த இருபத்திரண்டாம் விளக்கு. அது ஏன் இன்னும் எரியுது?”

“அதான் சார் நானும் கேட்டேன்...” என்றாள் வாய்தா.

“இல்லைம்மா, யோசி. ரெண்டாவது தடவை மாத்தும்போது குமாஸ்தா முதல் காரியமா என்ன பண்ணணும்? சீட்டுல இருக்கற ரூம்ல விளக்கை அணைக்கணும். அவன் சீட்டுல இருபத்திரண்டு இருந்திருந்தா, இருபத்திரண்டு அணைஞ்சிருக்கும். அணையலை. ஏன்?”

“ஏன்னா...” வாய்தா சட்டென்று பிடித்துக்கொண்டாள். “ஏன்னா ரெண்டாவது தடவையும் அவன் கைக்கு வந்தது அதே பழைய அசலோட நகல். முதல் தடவை மாத்தினது அசல்ல ஏறவே இல்லையே. இருபத்திரண்டுங்கறதே அந்த மேஜைக்குத் தெரியாது!”

“மேஜை மேல என்ன இருக்குன்னு கேளு” என்றார் மாஜி. “குமாஸ்தாவைக் கேட்காதே. மேலதிகாரியையே கேளு.”

 கண்ணாடி ஒரு வரியை இரண்டு முறை தப்பாக அடித்து அழித்து மூன்றாவது முறை அடித்தான். திரையில் வேறெதுவும் வரவில்லை, ஒரே ஒரு எண்ணைத் தவிர.

9.

முதலில் புரிந்துகொண்டது தையற்காரிதான். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவள்.

“ஒன்பதுல விளக்கை நிஜமாவே அணைச்சுட்டீங்கல்ல?” என்றாள். “விளக்கு அணைஞ்சா பூட்டிக்கும்னீங்க. காற்றாடி சுத்தும்னீங்க. உள்ளேயிருந்து திறக்கற பட்டன்... அந்தப் பட்டனைச் சரி பண்ணத்தானே அவரு போனாரு?”

 மேனேஜர்தான் முதலில் கதவை நோக்கிப் பாய்ந்தார். ஓடிக்கொண்டே கத்தினார்: “பூட்டை விடுறா! ஒன்பது! பூட்டை விடு!”

---

ஒன்பதாம் கதவு திறந்தபோது உள்ளேயிருந்து காற்று ஒரு மிருகம் போலப் பாய்ந்து வந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிய காற்றாடிகள், கதவு திறந்ததும் முனகிக்கொண்டே நின்றன. கதவின் உட்புறம் பட்டனின் மூடி கழற்றப்பட்டு, இரண்டு ஒயர்கள் நாக்கைத் தொங்கப்போட்டிருந்தன. கீழே டூல் பாக்ஸ். கதவு முழுக்க, மனிதன் எட்டும் உயரம்வரை, ஸ்பானரால் அடித்த வடுக்கள்.

ஆள் இல்லை.

“ஏங்க!”

ஆறு அடுக்கிலும் மருந்துப் பெட்டிகள் ராணுவ அணிவகுப்புப் போல ஒழுங்காக நின்றன. வாய்தா ஒவ்வொரு சந்தாக ஓடினாள். நான்காவது சந்தின் கோடியில் அந்த ஒழுங்கு குலைந்திருந்தது. காலி அட்டைப் பெட்டிகள் தாறுமாறாக, சிறுபிள்ளைகள் கட்டிய வீடு போல, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. காற்று வரும் பக்கம் மூன்று வரிசை. மேலே கூரை மாதிரி விரித்துப்போட்ட அட்டைகள்.

“இங்கே! இங்கே வாங்க!”

அவள் பெட்டிகளைப் பிய்த்து எறிந்தாள். நகம் ஒன்று பெயர்ந்தது தெரியவில்லை. உள்ளே அட்டைத் துண்டுகளுக்கும் நுரைத்தாளுக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன். இமையில் பனி. உதடு நீலம். கை விரல்கள் ஸ்பானரை விட மறுத்து இறுகியிருந்தன.

மாஜி கழுத்தில் விரல் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... வாய்தா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடிந்ததே இல்லை.

“இருக்கு” என்றார் மாஜி. “மெதுவா இருக்கு. தூக்கு.”

வெளியே நடையில் கிடத்தினார்கள். மேனேஜர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். பிறகு சட்டையையும் கழற்றினார். தையற்காரி கணவனின் இரண்டு கைகளையும் தன் அக்குளில் திணித்துக்கொண்டு, அவன் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு, இடைவெளி விடாமல் திட்டினாள்.

“பட்டன் கெட்டுப்போன ரூமுக்கு ஒத்தையில போவியா? அறிவிருக்கா? பன்னண்டு வருஷம் உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பாடு படறேன் தெரியுமா? கண்ணைத் திற. திறங்கறேன்ல!”

இமைப் பனி கரைந்து கன்னத்தில் இறங்கியது. அவன் உதடு அசைந்தது. வாய்தா காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“என்ன சொல்றாரு?” என்றாள் தையற்காரி.

“மணி பத்தாயிடுச்சான்னு கேக்கறாரு, அக்கா.”

அப்போதுதான் தையற்காரி அழுதாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து அவனை ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வான், விரல்களைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அதில் மூத்தவர். ஸ்ட்ரெச்சர் நடையின் கோடியில் மறையும்வரை கண்ணாடி சுவரோடு சுவராக நின்றான். அவன் உதடு தானாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“ப்ரோக்ராம்ல ஒரே ஒரு நட்சத்திரக் குறி. அது ஒண்ணு கூடப் போட்டிருந்தா, அசல் சீட்டு எந்த மேஜையில இருக்குன்னு குமாஸ்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நேரா அதுலயே போய்த் திருத்தியிருப்பான். ஒரே ஒரு குறி...”

“அப்புறம் அழலாம் தம்பி” என்றார் மாஜி. அவர் மேனேஜரிடம் திரும்பினார். “இந்த ப்ரோக்ராம் இந்தக் கட்டிடத்துல மட்டும்தான் ஓடுதா?”

“பின்னால இன்னொரு கட்டிடம் இருக்கு. இதைவிடச் சின்னது. அதுக்கும் இதேதான்.”

“அங்கே இன்னைக்கு யாராவது வேலை பார்க்கறாங்களா?”

“ஒருத்தன் இருக்கான். புதுசாச் சேர்ந்தவன். பதினொன்றரைக்குத்தான் போனான். அவன் நல்லாத்தான் இருக்கான், ஏழாம் ரூம்ல இருக்கான்னு ஸ்க்ரீன்ல...”

மேனேஜர் நிறுத்தினார். ‘ஸ்க்ரீன்ல’ என்ற அந்த ஒரு சொல் நடையின் நடுவில் விழுந்து கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“முதல்ல எதுல போட்டிருந்தீங்க?” என்றாள் வாய்தா.

“ஞாபகம் இல்லை. மூணு தடவை மாத்தினேன். ஐயோ, ஞாபகம் இல்லையே...”

கண்ணாடி கம்ப்யூட்டர் அறையை நோக்கி ஓடத் திரும்பினான். மேனேஜர் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பனியன் மட்டும் அணிந்திருந்த அந்த மனிதர், நடையின் எதிர்க்கோடியிலிருந்த மின்சாரப் பெட்டியை நோக்கி ஓடினார். மின்சாரம் போனால் இரண்டு கட்டிடங்களிலும் எல்லாப் பூட்டும் விட்டுவிடும். எல்லாக் குளிரும் போய்விடும். அது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

“சார், மருந்து!” கண்ணாடி கத்தினான்.

“மருந்தை மறுபடி செய்யலாம்டா!”

அவர் இரண்டு கையாலும் பெரிய நெம்புகோலைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

விளக்குகள் போயின. காற்றாடிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு அடங்கின. அறுபத்து நான்கு பூட்டுகள் இருட்டில் டக் டக்கென்று விட்டன. அந்தக் கிடங்கு கட்டிய நாளிலிருந்து அங்கே அப்படி ஓர் அமைதி இருந்திருக்காது. அந்த அமைதியில் ஐந்து வினாடிகள். பத்து வினாடிகள். வாய்தா இருட்டில் எதையோ பிடிக்கக் கை நீட்டினாள். மாஜியின் சட்டைக் கை அகப்பட்டது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பின் கட்டிடத்தில் ஒரு கனத்த கதவு சுவரில் மோதித் திறந்தது. தொடர்ந்து, பற்கள் தந்தியடிக்க, கிடங்கையும் மேனேஜரையும் மேனேஜரின் மூன்று தலைமுறையையும் இழுத்து ஒரு நீளமான வசவு, நிறுத்தாமல், இருட்டில் நடந்து வந்தது.

வாய்தா தன் வாழ்நாளில் அத்தனை இனிமையான வசவைக் கேட்டதில்லை.